சினைப்பைக் கட்டி வேறிடத்திலிருந்து பரவியதா: எந்தச் சோதனையை முதலில் செய்வது?

சினைப்பையில் கெட்டியான கட்டி, வயிற்றில் நீர், ரத்தத்தில் சி.ஏ.125 என்ற புற்றுக் குறியீடு கூடுதல். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ‘சினைப்பைப் புற்றுநோய்’ என்று எழுதி அறுவைக்கு நாள் குறிப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் சினைப்பையில் காணும் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ 10 முதல் 25 விழுக்காடு வரை அங்கே பிறந்தவை அல்ல. இரைப்பை, பெருங்குடல், குடல்வால், மார்பகம், கணையம், பித்தநாளம், கருப்பை என்று எங்கிருந்தோ வந்து குடியேறியவை. இரைப்பைப் புற்று மிகுந்த நாடுகளில் இந்தப் பங்கு கூடுகிறது.

வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. சினைப்பையில் பிறந்த புற்றுக்கு வயிற்றறை முழுவதையும் துழாவிக் கட்டிகளை அகற்றும் பெரிய அறுவையும், கார்போபிளாட்டின்–பேக்ளிடாக்சல் மருந்தும் அடிப்படை. பெருங்குடலிலிருந்து வந்ததென்றால் ஃப்ளூரோயூராசில், ஆக்சாலிபிளாட்டின் வகை மருந்துகள். மார்பகத்திலிருந்து வந்ததென்றால் பல நேரம் ஹார்மோன் எதிர்ப்பு மாத்திரையே முதல் மருந்து. இரைப்பையிலிருந்து வந்து பல இடங்களில் பரவியிருந்தால், பெரிய அறுவை உடலைத் தளர்த்தி மருந்தைத் தள்ளிப்போடுவதோடு முடிந்துவிடலாம்.

இந்தக் குழப்பம் பழையது. ஜெர்மன் மருத்துவர் ஃபிரெடரிக் குரூக்கன்பெர்க் 1896இல் இந்த வகைக் கட்டியை விவரித்தபோது, அது சினைப்பையிலேயே தோன்றும் ஒரு சார்கோமா (இணைப்புத் திசுவில் பிறக்கும் புற்று) என்றே நினைத்தார். அது பரவி வந்தது என்று ஷ்லாகன்ஹாஃபர் 1902இல் காட்டினார். பெயர் மட்டும் முதலாமவருடையதாகவே நிலைத்துவிட்டது. இன்றும் பலர் சினைப்பைக்குப் பரவிய எல்லாக் கட்டியையும் ‘குரூக்கன்பெர்க்’ என்கிறார்கள். சரியான பொருளில் அது சளி நிறைந்த மோதிர வடிவ செல்கள் கொண்ட கட்டிக்கு மட்டுமே உரியது. அதன் மூலம் பெரும்பாலும் இரைப்பை.

முடிவெடுக்க வேண்டிய இடத்தில் வழிகள் மூன்று. எண்டோஸ்கோபி போன்றவற்றால் மூலத்தை முதலில் தேடலாம். ஊசி வழியே சதை எடுத்துப் பார்க்கலாம். கட்டியை அறுவையில் எடுத்து, நோயாளி மேசையில் இருக்கும்போதே உறைவெட்டுச் சோதனை (சதையை உறையவைத்து, மெலிதாகச் சீவி, உடனே நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்யலாம். எது பொருந்தும் என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. நோய் சினைப்பைக்கு வெளியேயும் இருக்கிறதா? முன்பு வேறு புற்றுநோய் வந்திருக்கிறதா?

பழைய நோய் என்ன சொல்கிறது

முன்பு புற்று வந்தவர்கள் எல்லாரையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. இரைப்பை அல்லது பெருங்குடல் புற்று வந்த பெண்ணுக்குப் புதிதாகக் கெட்டியான சினைப்பைக் கட்டி வந்தால், அது பரவல் என்று கொண்டே தொடங்கலாம். மார்பகப் புற்று வந்தவர்களிடம் நிலைமை வேறு. அவர்களுக்கு வரும் சினைப்பைக் கட்டிகளில் பல சாதாரணக் கட்டிகள். புற்றாக இருப்பவற்றிலும், மார்பக நோய் உடலெங்கும் பரவாத நிலையில் இருந்தவர்களுக்கு, சினைப்பையில் புதிதாகப் பிறந்த புற்றே கூடுதல். பரம்பரையாக வரும் பிராக்கா (BRCA) மரபணு மாற்றம் இரண்டு புற்றுக்கும் பொதுவான காரணம் என்பதால் இதில் வியப்பில்லை. மார்பக நோய் ஏற்கெனவே நான்காம் நிலையில் இருந்தால் தராசு பரவல் பக்கம் சாயும். லோபுலார் வகை (பால் சுரக்கும் நுண்மடல்களில் பிறக்கும்) மார்பகப் புற்று சினைப்பைக்கும் இரைப்பைக்கும் பரவும் பழக்கம் உடையது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே பத்து ஆண்டுக்கு முன் எடுத்த கட்டியின் அறிக்கையைத் தேடி எடுப்பது எந்த ஸ்கேனுக்கும் குறையாத சோதனை. அறிக்கை மட்டும் போதாது. பழைய கண்ணாடித் தகடுகளும், சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகளும் கிடைத்தால், பழைய கட்டியையும் புதியதையும் நுண்ணோக்கியின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை. பல வேளைகளில் அதுவே கேள்வியை முடித்துவிடும்.

ரத்தக் குறியீடுகள்

சி.ஏ.125 தனியாக எதையும் முடிவு செய்யாது. வயிற்றறைச் சவ்வை எது உறுத்தினாலும் அது ஏறும். பரவிய இரைப்பைப் புற்றிலும், எண்டோமெட்ரியோசிஸிலும் (கருப்பை உட்படலம் வெளியே வளரும் நோய்), கல்லீரல் சுருக்கத்திலும் கூடும். அதோடு, குடல் வகைப் புற்றுகளில் கூடும் குறியீடான சி.இ.ஏ.வையும் எடுத்து, சி.ஏ.125ஐ சி.இ.ஏ.வால் வகுத்துப் பார்ப்பது பயனுள்ள கணக்கு. சி.ஏ.125 மில்லிக்கு யூனிட்டிலும், சி.இ.ஏ. மில்லிக்கு நானோகிராமிலும் இருக்க வேண்டும். விடை 25க்கு மேல் என்றால் சினைப்பை மூலம் என்பதற்கு ஆதரவு. 25 அல்லது அதற்குக் கீழ் என்றால் இரைப்பையையும் குடலையும் உள்ளே பார்க்காமல் நகரக் கூடாது. ஒருவருக்கு சி.ஏ.125 180, சி.இ.ஏ. 24 என்றால் விகிதம் 7.5. இன்னொருவருக்கு 900, 2 என்றால் 450. முன்னவருக்கு எண்டோஸ்கோபி கட்டாயம்.

இந்தக் கணக்கு சறுக்கும் இடமும் உண்டு. சினைப்பையிலேயே பிறந்த சளிவகைப் புற்றிலும் (சளி சுரக்கும் செல்களால் ஆனது) சி.இ.ஏ. கூடும், விகிதம் தாழும். மோதிர செல் வகை இரைப்பைப் புற்றில் சி.இ.ஏ. சில நேரம் ஏறவே ஏறாது. அப்போது விகிதம் உயர்ந்து ஏமாற்றும். கணையப் புற்றில் கூடும் குறியீடான சி.ஏ.19-9ஐ நம்பி, மூலம் கணையம் என்று முடிவு கட்டுவதும் தவறு. பித்தநாள அடைப்பிலும், சினைப்பை டெர்மாய்டு கட்டியிலும்கூட (முடி, தோல், கொழுப்பு அடங்கிய சாதாரணக் கட்டி) அது ஏறும். லூயிஸ் ஆன்டிஜன் என்ற ரத்தவகைப் பொருள் இல்லாத சிலருக்கோ கணையப் புற்று இருந்தாலும் ஏறாது. இளம் பெண் என்றால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற ரத்தக் குறியீடுகள் மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். அவை காட்டும் முளைசெல் கட்டியை (கருமுட்டைக்கு மூலமான செல்களில் பிறப்பது) தவறவிட்டால் நல்ல மருந்து உள்ள நோயைத் தவறவிட்டதாகும்.

ஸ்கேன்களில் எதற்கு எது

யோனிவழி அல்ட்ராசவுண்டுதான் தொடக்கம். இரைப்பை, மார்பகம், நிணநீர்ப் புற்று ஆகியவற்றிலிருந்து வந்தவை பெரும்பாலும் முழுக்கக் கெட்டியாக இருக்கும். பெருங்குடல், குடல்வால், பித்தநாளம் ஆகியவற்றிலிருந்து வந்தவை பல அறைகள் கொண்ட நீர்க்கட்டிகளாக இருக்கும். இந்த இரண்டாவது கூட்டம்தான் ஆபத்தானது. சினைப்பையின் சொந்தச் சளிக்கட்டியைப் போலவே தோற்றம் காட்டும்.

சினைப்பைக் கட்டிகளை ஆராயும் பன்னாட்டு ஐயோட்டா (IOTA) குழுவினர் 2014இல் வெளியிட்ட அட்னெக்ஸ் (ADNEX) கணக்கீடு, கட்டி பரவி வந்ததாக இருக்கும் வாய்ப்பைத் தனி எண்ணாகவே தருகிறது. வயது, சி.ஏ.125, கட்டியின் அளவு, கெட்டிப் பகுதியின் பங்கு, அறைகள் பத்துக்கு மேலா, வயிற்று நீர் போன்ற ஒன்பது விவரங்களை எடுத்துக்கொள்கிறது. ஆனால் முன்பு புற்று வந்ததா, கட்டி இருபுறமும் உள்ளதா என்ற இரண்டையும் அது கேட்பதில்லை. பரவலைச் சந்தேகிக்க நாம் முதலில் பார்ப்பதே அவற்றைத்தானே! அதனால் பரவல் வாய்ப்புக் குறைவு என்று அட்னெக்ஸ் சொன்னாலும், குடல் புற்று வரலாறு உள்ளவரிடம் அந்த எண்ணை ஆறுதலாகக் கொள்ளக் கூடாது.

மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் சேர்த்து, சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. எல்லாருக்கும் தேவை. கணையம், கல்லீரல், குடல்வால், சவ்வுப் பரவல், நிணநீர்க் கணுக்கள் எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். அது பார்க்கத் தவறுவது இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவும் புற்றை. இரைப்பை விரியாமல் சுருங்கிக் கிடக்கும்போது, தடித்த சுவர் நோயாலா சுருக்கத்தாலா என்று படத்தில் பிரிப்பது கடினம். ‘சி.டி.யில் இரைப்பை நன்றாக இருக்கிறது’ என்ற வரியை வைத்து எண்டோஸ்கோபியைக் கைவிடுவதுதான் இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய பிழை என்பது எங்கள் கருத்து.

எம்.ஆர்.ஐ. சினைப்பையை நுணுக்கமாகப் பார்க்கும். டி2 எனும் எம்.ஆர்.ஐ. பட வகையில் கருமையான கெட்டிப் பகுதியும், நடுவே சளியால் வெளுத்த புள்ளிகளும் சேர்ந்து வந்தால் குரூக்கன்பெர்க் வகையை நினைக்கலாம். ஆனாலும் மூலம் எங்கே என்று அது சொல்லாது. முடிவை மாற்றாது என்று தெரிந்தால், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பெட் சி.டி. மீது பொதுமக்களுக்குப் பெரிய நம்பிக்கை. செலுத்திய சர்க்கரையை உறிஞ்சும் திசு ஒளிர்வதைக் காட்டும் ஸ்கேன் அது. இந்த ஒரு கேள்விக்கு அது சுமாரான விடைதான். சளிவகைப் புற்றும் மோதிர செல் புற்றும் சர்க்கரையைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. ஆகவே நோய் இருந்தும் படம் மங்கலாக இருக்கலாம். மறுபக்கம், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குக் கருமுட்டை வெளியாகும் நாட்களில் இயல்பான சினைப்பையே ஒளிரும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் மாதவிடாய் முடிந்த உடனான நாட்களில் எடுப்பது நல்லது.

மூலத்தை முதலில் தேடுவது

இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டையும் ஒரே மயக்கத்தில், ஒரே நாளில் முடிக்கலாம். அறுவையை ஓரிரு நாள் தள்ளிப்போடுவதைத் தவிர இதில் இழப்பில்லை. கட்டி இருபுறமும் கெட்டியாக இருந்தாலோ, விகிதம் 25க்குக் கீழ் என்றாலோ, மலத்தில் ரத்தம், இரும்புச் சத்துக் குறைவு, சீக்கிரமே வயிறு நிறைந்துவிடுவது, காரணமற்ற எடை இழப்பு இருந்தாலோ, கட்டி சளிவகை என்று ஸ்கேன் சொன்னாலோ இதைச் செய்தாக வேண்டும்.

செய்வதிலும் நுணுக்கம் உண்டு. இரைப்பையின் உட்படலம் பார்வைக்கு நன்றாக இருந்து, காற்றடித்தாலும் சுவர் விரியாமல் விறைப்பாக நின்றால், நோய் படலத்துக்கு அடியில் இருக்கிறது. மேலோட்டமாக இரண்டு துண்டு எடுத்து ‘புற்று இல்லை’ என்று வந்தால் அது விடையே அல்ல. ஆறு முதல் எட்டுத் துண்டுகள், முதல் துண்டு எடுத்த குழியிலேயே மறுபடி கவ்வி ஆழத்தில் இருந்தும் எடுக்க வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் எண்டோஸ்கோபிவழி அல்ட்ராசவுண்டு வைத்துச் சுவருக்குள் ஊசி செலுத்தலாம். கொலோனோஸ்கோபி சிறுகுடல் சேரும் முனை வரை போனதா, குடல்வால் வாய் தெரிந்ததா என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். குடல் சுத்தமாகாமல் பாதியில் திரும்பிய சோதனையை ‘இயல்பு’ என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. குடல் அடைப்புக்கான அறிகுறி இருப்பவருக்குப் பேதி மருந்து கொடுப்பது ஆபத்து, முதலில் சி.டி. பார்த்த பிறகே.

மார்பகத்துக்கு மேமோகிராம். லோபுலார் வகை அதில் ஒளிந்துகொள்ளும் என்பதால் சந்தேகம் வலுவாக இருந்தால் மார்பக எம்.ஆர்.ஐ. மாதவிடாய் நின்ற பின் ரத்தப்போக்கோ கருப்பை உட்சுவர் தடிப்போ இருந்தால் உட்படலத் துண்டு ஒன்று எடுத்துவிட வேண்டும். கருப்பை வாயையும் மறக்க வேண்டாம். அங்கே மிகச் சிறிதாக உள்ள சுரப்பிப் புற்று சினைப்பையில் பெரிய கட்டியாக வளர்ந்து நிற்பது உண்டு.

ஊசியா, அறுவையா

இங்கேதான் முடிவு கடினமாகிறது. கட்டி சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருந்து, அது சினைப்பையிலேயே பிறந்ததாக இருக்கவும் வாய்ப்பு இருந்தால், ஊசி செலுத்தக் கூடாது. உள்ளிருக்கும் செல்கள் வயிற்றறையில் சிந்தினால், அறுவையோடு முடிந்திருக்கக்கூடிய 1ஏ நிலை (ஒரே சினைப்பைக்குள் அடங்கியது) 1சி (செல்கள் சிந்தியது) ஆகிவிடும். நோயாளிக்கு வேண்டாத கீமோதெரபி அதன் விலை. அப்படிப்பட்ட கட்டியை உடைக்காமல் முழுதாகப் பையில் வைத்து எடுத்து, மேசையிலேயே உறைவெட்டுக்கு அனுப்புவதே முறை.

நோய் ஏற்கெனவே வயிற்றறைச் சவ்வுக்கும், குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்பு மடிக்கும் பரவியிருந்தால் கணக்குத் தலைகீழாகிறது. சிந்துவதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் மிச்சமில்லை. அப்போது அல்ட்ராசவுண்டு அல்லது சி.டி. துணையோடு கொழுப்பு மடியிலிருந்து கனமான ஊசியால் சதை எடுப்பது அறுவையைவிட விரைவானது, வலி குறைந்தது. 16 அல்லது 18 கேஜ் பருமனுள்ள ஊசியால் மூன்று நான்கு இழைகள் எடுத்தால்தான் சாய சோதனைகளுக்கும் மரபணு சோதனைக்கும் போதும். ஒரே இழை எடுத்துவிட்டு ‘புற்று உண்டு, மேல் விவரம் சொல்லச் சதை போதவில்லை’ என்ற அறிக்கையோடு திரும்ப வருவது மிகச் சாதாரணமாக நடக்கும் வீணடிப்பு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வயிற்று நீர் மட்டும் இருக்கிறது, சதைக்கு எட்டும் கட்டி இல்லை என்றால் நீரை எடுக்கலாம். அதில் ஒரு தேய்ப்புத் தகடு பார்த்து ‘அடினோகார்சினோமா’ என்று எழுதினால் அது மூலத்தைச் சொல்லாது. 100 மில்லிக்குக் குறையாமல் எடுத்து, சுழற்றிப் படியவைத்து, செல் பிளாக் (படிந்த செல்களை மெழுகில் பதித்த கட்டை) செய்யச் சொல்லி அனுப்ப வேண்டும். செல் பிளாக் இருந்தால் அதிலேயே சாய சோதனைகள் அனைத்தும் செய்யலாம். உடனே அனுப்ப முடியாதபோது குளிர்பெட்டியில் வைக்கலாம். உறைய விடக் கூடாது.

மூலம் ஏற்கெனவே எண்டோஸ்கோபியில் கிடைத்து, படமும் பொருந்திவிட்டால், சினைப்பையிலிருந்து தனியாகச் சதை எடுக்கத் தேவையில்லாமலே போகலாம். பெருங்குடல் புற்று இதில் ஒரு விலக்கு. அதன் சினைப்பைப் பரவல் மற்ற இடங்களைப் போல மருந்துக்குச் சுருங்குவதில்லை. ஆகவே அடிவயிற்றில் அழுத்தும் பெரிய கட்டியை எடுப்பது பல நேரம் சிகிச்சையாகவே தேவைப்படும். சதையும் கூடவே கிடைத்துவிடும்.

உறைவெட்டின் எல்லை

உறைவெட்டுச் சோதனையில் ஒரு துண்டுக்கு விடை வர 20 நிமிடம் போல ஆகும். புற்றா இல்லையா என்பதில் அது நம்பகமானது. சளிவகைக் கட்டியில், அதுவும் பெரிதாக இருந்தால், தடுமாறும். கணையம், பித்தநாளம் ஆகியவற்றிலிருந்து வந்த கட்டி சினைப்பைக்குள் அமர்ந்தபின் சாதாரணச் சளிக்கட்டியைப் போலவும், எல்லைநிலைக் கட்டியைப் (சாதாரணத்துக்கும் புற்றுக்கும் இடைப்பட்டது) போலவும் வேடமிடும் பகுதிகளை உண்டாக்கும். ஒன்றிரண்டு துண்டு பார்த்தவருக்கு அந்த வேடமே கண்ணில் படும். குரூக்கன்பெர்க் கட்டியிலோ மோதிர செல்கள் நார்த் திசுவுக்குள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதால், ஃபைப்ரோமா (புற்றல்லாத நார்க்கட்டி) என்று எழுதிவிடும் அபாயம் உண்டு.

அறுவை மேசையில் உதவும் எளிய விதி ஒன்று. சளிவகைப் புற்றுக்கட்டி இருபுறமும் இருந்தால், அல்லது ஒருபுறம் 10 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், பரவல் என்று கருது. ஒருபுறம் மட்டும், அதற்கும் பெரிது என்றால் சினைப்பையின் சொந்தக் கட்டி. பின்னர் வந்த ஆய்வு எல்லையை 13 செ.மீ.க்கு உயர்த்தியது. விதி பெரும்பாலும் பலிக்கும். பெருங்குடல், கருப்பை வாய் இரண்டிலிருந்தும் வருபவை அடிக்கடி அதை மீறும். ஒருபுறம் மட்டும், பெரிதாக வளரும். சினைப்பையின் வெளிப்பரப்பில் முடிச்சுகள், ரத்தக்குழாய்க்குள் கட்டி செல்கள் இருந்தால் அளவு எதுவானாலும் பரவலை நினைக்க வேண்டும்.

சளிவகை என்று தெரிந்ததும் குடல்வாலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வீங்கியோ சளி கசிந்தோ இருந்தால் எடுத்துவிட்டு, முழுவதையும் நுண்ணோக்கிக்கு அனுப்ப வேண்டும். வயிறு நிறையக் கூழ் போன்ற சளி கிடந்தால், மூலம் சினைப்பையாக இருப்பது அரிது, பெரும்பாலும் குடல்வால்தான்.

ஆய்வகத்தில் தீர்ப்பு

எடுத்த சதை உடனே 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில், அதன் கனஅளவைப் போல் பத்து மடங்கில் போக வேண்டும். பெரிய கட்டியை வெட்டித் திறக்காமல் அப்படியே போட்டால் நடுப்பகுதி அழுகி, சாயங்கள் பொய் சொல்லும். சளிவகைக் கட்டி 10 செ.மீ.க்கு மேல் என்றால் ஒவ்வொரு செ.மீ.க்கும் இரண்டு துண்டு வீதம் பார்ப்பது நல்ல ஆய்வகத்தின் பழக்கம். கோரிக்கைத் தாளில் ‘சினைப்பைக் கட்டி’ என்று மட்டும் எழுதினால் விடையும் அந்த அளவில்தான் வரும். வயது, ஒருபுறமா இருபுறமா, பழைய புற்று, சி.ஏ.125, சி.இ.ஏ., எண்டோஸ்கோபி முடிவு ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும்.

செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயங்களைத் தொகுப்பாகப் படிக்க வேண்டும். சி.கே.7 போன்ற கீழே வரும் பெயர்கள் அந்தப் புரதங்களுடையவை. ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சி.கே.7 இல்லாமல் சி.கே.20, சி.டி.எக்ஸ்.2, சாட்பி2 மூன்றும் வலுவாக வந்தால் பெருங்குடல் அல்லது குடல்வால். சி.கே.7 பரவலாக வந்து சாட்பி2 இல்லையென்றால் சினைப்பை, இரைப்பை, கணையம் மூன்றும் களத்தில் நிற்கும். டி.பி.சி.4 இழப்பு கணையத்தை நோக்கிக் காட்டும். ஆனால் கணையப் புற்றில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் அந்த இழப்பு உண்டு. இழக்காததால் கணையம் இல்லை என்று ஆகிவிடாது. பேக்ஸ்8, டபிள்யூ.டி.1 இரண்டும் வந்தால் சினைப்பையில் மிகுதியாகக் காணும் சீரஸ் வகைப் புற்று. காட்டா3 வந்து பேக்ஸ்8 இல்லையென்றால் மார்பகம். பி16 அழுத்தமாகப் பரவி, கூடவே எச்.பி.வி. என்ற வைரஸ் சோதனையும் உண்டு என்று வந்தால் கருப்பை வாய்.

பொறிகள் சில. சினைப்பையின் சொந்தச் சளிவகைப் புற்றில் பேக்ஸ்8 பல நேரம் வராது. வராததை வைத்துப் பரவல் என்று சொல்லக் கூடாது. சிறுநீரகப் புற்றிலும் பேக்ஸ்8 வரும். நாப்சின்-ஏ நுரையீரலுக்கு மட்டும் உரியதல்ல. சினைப்பையின் தெளிசெல் புற்றிலும் வரும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது டெர்மாய்டிலிருந்து பிறந்த சளிக்கட்டி. அது சி.கே.20, சாட்பி2 உடன் குடல் கட்டியைப் போலவே வரும். முடி, கொழுப்பு, தோல் ஏதாவது அருகில் இருக்கிறதா என்று கட்டியை மறுபடி வெட்டிப் பார்க்காமல், குடலில் இல்லாத புற்றைத் தேடி நோயாளியை அலைக்கழித்துவிடுவார்கள்.

கருப்பை உட்படலத்திலும் சினைப்பையிலும் ஒரே நேரத்தில் எண்டோமெட்ரியாய்டு புற்று (கருப்பை உட்படலத்தை ஒத்த வகை) இருப்பது தனிக் கதை. மரபணு ஆய்வில் பெரும்பாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்தும், இரண்டுமே மென்மையான தரத்தில் அடங்கியிருந்தால் நோயின் போக்கு நன்றாகவே இருக்கிறது. இதில் எம்.எம்.ஆர். (டி.என்.ஏ. பிழைதிருத்தும் புரதங்கள்) சாய சோதனை செய்து, பரம்பரையாகப் புற்று வரவைக்கும் லிஞ்ச் குறைபாட்டைத் தேடுவது அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் மூலம் கிட்டாத கட்டிகள் உண்டு. சாயங்கள் குடல் பக்கம் காட்டி, கொலோனோஸ்கோபியும் குடல்வாலும் சுத்தம் என்றால் சிறுகுடலையும் டெர்மாய்டையும் தேடலாம். இரைப்பை–கணையம் பக்கம் காட்டினால் எண்டோஸ்கோபியை ஆழத் துண்டுகளோடு மறுபடி செய்து, கணையத்துக்கென்று நேரம் அளந்து எடுக்கும் சி.டி. எடுக்கலாம். அதற்கும் விடை இல்லையென்றால் சாயங்கள் சுட்டும் உறுப்புக்கு உரிய மருந்தைத் தொடங்கி, எச்.இ.ஆர்.2 (குறிவைத்த மருந்துக்கு வழிகாட்டும் புரதம்), எம்.எம்.ஆர்., மரபணுத் தொகுப்புச் சோதனைக்கு மீதமுள்ள மெழுகுக் கட்டையை அனுப்புவார்கள். அதற்காகத்தான் முதல் சாயத் தொகுப்பிலேயே சதை முழுவதையும் வெட்டித் தீர்த்துவிடாமல், கடைசிக் கட்டையில் கொஞ்சம் மீதம் வைக்கும்படி ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.